ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பொறுப்பாளர்: பிரிட்டனில் வளர்ப்பு நாயின் இடம்

பிரிட்டனுக்குப் புதிதாக வருபவர்கள் சில நாட்களிலேயே கவனித்துவிடும் ஒன்று, தெருவில் தனியாகத் திரியும் நாய் கண்ணில் படுவதே இல்லை என்பது. ரயிலில், பப்பில், பூங்காவில், தபால் நிலைய வாசலில் என்று எங்கு பார்த்தாலும் நாய்கள் உண்டு. ஆனால் அவற்றின் பக்கத்தில் ஓர் ஆள் நிற்பார். நாட்டில் உள்ள வளர்ப்பு நாய்கள் 1 கோடிக்கும் மேல். ஏறத்தாழ மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் நாய் வளர்கிறது.

இதைப் பார்த்துவிட்டு, ஆங்கிலேயர்களுக்கு நாய் என்றால் உயிர் என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது வழக்கம். பிரியம் இருப்பது உண்மைதான். ஆனால் அந்தப் பிரியத்தைத் தாங்கிப் பிடிப்பவை 200 ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக உருவான சட்டம், வரி, காப்பகம், அபராதம், காப்பீடு ஆகியவை. ஒவ்வொரு நாய்க்கும் பெயரோடும் முகவரியோடும் ஒரு மனிதர் பொறுப்பு என்பதே இந்த ஏற்பாட்டின் அச்சாணி. அது உறுதியாக இருக்கும் இடங்களில் நாய்க்கும் நல்லது, அக்கம்பக்கத்தாருக்கும் நல்லது. தளர்ந்திருக்கும் இடங்களில் முதலில் அடிபடுவது நாய்தான்.

பட்டை, சிப், ஏழு நாள்

பொது இடத்துக்கு வரும் நாய் கழுத்தில் பட்டை அணிந்திருக்க வேண்டும். பட்டையிலோ அதில் தொங்கும் தகட்டிலோ உரிமையாளரின் பெயரும் முகவரியும் பொறித்திருக்க வேண்டும். இது 1992ஆம் ஆண்டின் ஆணை. மீறினால் 2,000 பவுண்டு வரை அபராதம். தொலைபேசி எண்ணைச் சட்டம் கேட்கவில்லை. ஆனால் தொலைந்த நாய் சீக்கிரம் வீடு திரும்ப அதுதான் உதவும் என்பதால் பெரும்பாலோர் எண்ணையும் பொறித்துவிடுகிறார்கள். நாயின் பெயரைப் போட வேண்டாம் என்பது அனுபவசாலிகள் தரும் அறிவுரை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அன்னியர் பின்னாலும் போய்விடும் நாய்கள் நிறைய. நாய்த் திருட்டு இங்கே பெரிய கவலை. 2024இல் வந்த சட்டத்தின்படி இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் நாயைக் கடத்துவது தனிக் குற்றம். 5 ஆண்டு வரை சிறை கிடைக்கும்.

பட்டை கழன்று விழலாம். அதனால் 2016 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் 8 வாரம் நிறைந்த எல்லா நாய்களுக்கும் மைக்ரோசிப் கட்டாயம். அரிசி மணி அளவுள்ள அந்தச் சிப்பை இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே தோலுக்கடியில் ஊசியால் செலுத்துகிறார்கள். அதில் பேட்டரி கிடையாது, இருப்பிடத்தையும் காட்டாது. கருவியை அருகில் கொண்டுபோனால் 15 இலக்க எண் ஒன்று தெரியும், அவ்வளவுதான். அந்த எண் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது, அங்கே யார் பெயர், எந்த முகவரி என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. இந்த ஏற்பாடு பழுதாவதும் இங்கேதான். குட்டியை விற்றவர் பெயரிலேயே பதிவு கிடக்கும், அல்லது வீடு மாறியவர் புது முகவரியைக் கொடுக்க மறந்திருப்பார், இல்லையென்றால் தொலைபேசி எண் மாறியிருக்கும். பதிவேட்டை நடத்தும் நிறுவனங்கள் பல. எண்ணை இணையத்தில் இட்டால் எந்த நிறுவனத்தில் பதிவு உள்ளது என்று தெரிந்துவிடும். விவரம் தவறாக இருந்தால், திருத்துவதற்கு 21 நாள் அவகாசம் தந்து அறிவிப்பு வரும். அதற்குள் சரிசெய்யாவிட்டால் 500 பவுண்டு வரை அபராதம்.

தனியாகத் திரியும் நாயைப் பிடிப்பது உள்ளூர் கவுன்சிலின் வேலை. 2008 வரை காவல்துறைக்கும் இதில் பங்கு இருந்தது. இப்போது கவுன்சிலின் நாய் வார்டன் பிடித்துச் சிப்பைப் பார்ப்பார், உரிமையாளரைத் தேடுவார், 7 நாள் காப்பகத்தில் வைத்திருப்பார். உரிமையாளர் வந்தால் 25 பவுண்டு கட்டணத்தோடு காப்பகச் செலவையும் கட்டி அழைத்துப் போகலாம். யாரும் வராவிட்டால் நாய் வேறு வீட்டுக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ போகும். கருணைக்கொலை செய்யவும் சட்டம் இடம் தருகிறது. சாலையில் நாயைக் கண்டெடுத்தவர் அதைச் சத்தமில்லாமல் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடியாது. உரிமையாளரிடம் சேர்க்க வேண்டும் அல்லது கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டும். தெருக்கள் நாயில்லாமல் இருப்பதற்குக் காரணம் இந்த 7 நாள் விதியும் அதன் பின்னால் நிற்கும் காப்பகங்களும்தான்.

இங்கே எப்படி வந்து சேர்ந்தார்கள்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காளையின் மேல் நாய்களை ஏவிவிடுவதும் நாய்ச்சண்டையும் இங்கே வெகுஜனப் பொழுதுபோக்கு. 1824இல் லண்டன் காப்பிக்கடை ஒன்றில் கூடியவர்கள் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1835ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சண்டைகளைத் தடைசெய்தது. 1840இல் விக்டோரியா அரசி சங்கத்துக்கு ‘ராயல்’ பட்டம் கொடுத்தார். குழந்தைகளை வதையிலிருந்து காக்க லண்டனில் இதேபோன்ற சங்கம் தோன்றியது 1884இல்தான். அன்றைய சமூகத்தின் மனம் எந்த வரிசையில் இளகியது என்பதை இந்த ஆண்டுகள் காட்டுகின்றன.

அன்பு ஒரு பக்கம் வளர, வரி இன்னொரு பக்கம் வந்தது. 1796இலேயே நாய்க்கு வரி உண்டு. 1867இல் அது நாய்க்கு 5 ஷில்லிங் உரிமக் கட்டணமாக மாறியது. எடின்பரோவில் எஜமானரின் கல்லறையை விட்டு நகராமல் இருந்ததாகச் சொல்லப்படும் கிரேஃபிரையர்ஸ் பாபி என்ற சிறிய நாய்க்கு அந்த ஆண்டு உரிமையாளர் யாரும் இல்லை; உரிமம் இல்லாத நாயைக் கொன்றுவிடலாம். நகர முதல்வர் வில்லியம் சேம்பர்ஸ் தானே கட்டணம் செலுத்தி, தன் பதவியும் ஆண்டும் பொறித்த பட்டை ஒன்றைக் கொடுத்தார். அந்தப் பட்டை எடின்பரோ அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. விசுவாசக் கதையாகவே சொல்லப்படும் இதில், நாய் பிழைத்ததற்கு யாரோ ஒருவர் பெயர் கொடுத்ததுதான் காரணம் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. 1878இல் கட்டணம் 7 ஷில்லிங் 6 பென்னி ஆனது. அதற்குப் பிறகு அதை உயர்த்தவே இல்லை. 1987இல் 37 பென்ஸாக இருந்தபோது, வசூலிக்கும் செலவுக்குக்கூடக் காணாது என்று உரிமத்தையே எடுத்துவிட்டார்கள். வட அயர்லாந்தில் மட்டும் உரிமம் இன்னும் தொடர்கிறது, ஆண்டுக்கு 12.50 பவுண்டு.

தெருநாய்கள் மறைந்ததில் வெறிநாய்க்கடி பயத்துக்குப் பெரிய பங்குண்டு. 1880களிலும் 1890களிலும் பொது இடத்தில் நாய்க்கு வாய்ப்பூட்டு கட்டாயமாக்கப்பட்டது. நாய்ப்பிரியர்கள் கொதித்தெழுந்தார்கள், வேளாண் வாரியத் தலைவராக இருந்த வால்டர் லாங் வசவை வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனால் வாய்ப்பூட்டு, உரிமையாளர் இல்லாத நாய்களைப் பிடித்தல், வெளிநாட்டு நாய்களுக்கு 6 மாதத் தனிமை என்ற மூன்றும் சேர்ந்து 1902இல் ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோயை ஒழித்தன. முதல் உலகப்போர் முடிவில் படைவீரர்கள் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த நாய்களால் 1918இல் அது மீண்டும் தலைகாட்டியது. 1922க்குள் மறுபடியும் ஒழிந்தது. நாயைத் தொடும்போது அந்தப் பயம் பிரிட்டிஷ் மனதில் எழுவதில்லை. ரேபிஸ் ஊசி இங்கே வழக்கமான ஊசிகளில் ஒன்றுகூட இல்லை. அறிமுகமில்லாத நாயை இவர்கள் அவ்வளவு இயல்பாகத் தடவிக்கொடுப்பதற்கு இதுவே அடிப்படை.

காப்பகங்களின் கதையும் இதே காலத்தியது. மேரி டீல்பி என்ற பெண்மணி 1860இல் லண்டனின் ஹாலோவே பகுதியில் ஒரு தொழுவத்தில் தொலைந்த நாய்களுக்கு இடம் கொடுத்தபோது பத்திரிகைகள் கேலி செய்தன. 1871இல் அது பாட்டர்ஸீக்கு மாறியது. இன்று நாட்டின் மிகப் பிரபலமான காப்பகம் அது. 1891இல் தோன்றிய நாய்ப் பாதுகாப்புக் கழகம் இப்போது டாக்ஸ் டிரஸ்ட். நாய் என்பது கிறிஸ்துமஸுக்கு மட்டுமல்ல, அதன் ஆயுளுக்கும் என்று 1978இல் அவர்கள் வெளியிட்ட வாசகம் இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

இந்த வரலாற்றில் இருண்ட பக்கமும் ஒன்று உண்டு. 1939 செப்டம்பரில் போர் அறிவித்த முதல் வாரத்தில் லண்டனில் மட்டும் சுமார் 4 லட்சம் நாய்களையும் பூனைகளையும் அவற்றின் உரிமையாளர்களே வரிசையில் நின்று கொல்லக் கொடுத்தார்கள். குண்டு வீச்சு தொடங்கவில்லை, உணவுப் பங்கீடும் வரவில்லை. கிராமத்துக்கு அனுப்ப முடியாவிட்டால் கொன்றுவிடுவதே இரக்கம் என்ற பொருள்பட வந்த அரசு சார்ந்த துண்டுப் பிரசுரமும் பரவிய பீதியும் போதுமானவையாக இருந்தன. விலங்கு நல அமைப்புகள் அவசரப்பட வேண்டாம் என்று கெஞ்சின. பிரியம் மட்டும் நாயைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு இதைவிடக் கனமான சான்று பிரிட்டிஷ் வரலாற்றில் இல்லை.

அன்றாடத்தில்

காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. மழையோ பனியோ இது நிற்காது. இந்த நடைதான் பல ஊர்களில் அக்கம்பக்கத்தாரை ஒருவருக்கொருவர் பழக்கப்படுத்துகிறது. ஆண்டுக்கணக்கில் பூங்காவில் பேசிக்கொள்பவர்களுக்கு ஒருவர் நாயின் பெயர் மற்றவருக்குத் தெரியும், ஆளின் பெயர் தெரியாது. யாருடைய நாயையும் தொடும் முன் உரிமையாளரிடம் கேட்க வேண்டும். குழந்தைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள். உங்களுக்கு நாயைக் கண்டால் பயம் என்றால் தயங்காமல் சொல்லிவிடலாம். பெரும்பாலோர் உடனே வாரைச் சுருக்கிப் பிடிப்பார்கள். பயத்துக்குச் சட்டத்திலும் இடம் உண்டு. நாய் கடிக்கவே வேண்டியதில்லை. அது காயப்படுத்திவிடும் என்று ஒருவர் நியாயமாக அஞ்சும்படி கட்டுப்பாடின்றி இருந்தாலே உரிமையாளர் குற்றவாளி.

நாயின் கழிவை அள்ளாமல் போனால் பெரும்பாலான கவுன்சில்கள் அந்த இடத்திலேயே 100 பவுண்டு அளவில் அபராதம் விதிக்கின்றன. கட்டாவிட்டால் நீதிமன்றத்தில் 1,000 பவுண்டு வரை போகலாம். கண்டிப்புக்குக் காரணம் நாற்றம் மட்டும் இல்லை. கழிவில் இருக்கும் உருண்டைப்புழு முட்டைகள் மண்ணில் சில வாரங்கள் கிடந்த பிறகே தொற்றும் தன்மை பெறுகின்றன. பிறகு ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். மண்ணில் விளையாடும் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் கண்பார்வையைப் பாதிக்கலாம். எனவே உடனே அள்ளினால் ஆபத்து இல்லை, விட்டுவிட்டால் இடமே கெட்டுவிடும். அள்ளிய பையைக் கட்டிச் சாதாரணக் குப்பைத் தொட்டியில் போட்டாலும் பெரும்பாலான ஊர்களில் தவறில்லை. பையை மரக்கிளையில் மாட்டிவிட்டுப் போவதுதான் எல்லோருக்கும் எரிச்சல் மூட்டுவது.

பப்பிலும் உணவகத்திலும் நாயை விடலாமா என்பது கடைக்காரரின் விருப்பம். உணவு தயாரிக்கும் இடத்துக்குள் விலங்கு வரக்கூடாது என்பதுதான் சுகாதாரச் சட்டம். சாப்பிடும் இடத்துக்கு அது தடை போடவில்லை. ரயிலில் ஒரு பயணி இரண்டு நாய்கள் வரை இலவசமாக அழைத்துப் போகலாம், ஆனால் இருக்கையில் உட்காரவைக்கக் கூடாது. லண்டன் பாதாள ரயிலில் எஸ்கலேட்டரில் ஏறும்போது நாயைத் தூக்கிக்கொள்ள வேண்டும். படிகள் உள்ளே போய் மறையும் முனையிலுள்ள சீப்புப் பற்களில் பாதம் சிக்கிக் கிழிந்துவிடும் என்பதே காரணம். தூக்க முடியாத நாய் என்றால் படிக்கட்டையோ லிஃப்டையோ தேட வேண்டும்.

பார்வையற்றோருக்கு உதவும் வழிகாட்டி நாய்களைப் பொறுத்தவரை கடைக்காரரின் விருப்பம் என்ற பேச்சே இல்லை. 1931இல் இங்கிலாந்தின் வாலஸி ஊரில் முதல் நான்கு வழிகாட்டி நாய்கள் பயிற்சி முடித்தன. இப்போது 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி கடை, உணவகம், டாக்ஸி எதுவும் அவற்றை மறுக்க முடியாது, கூடுதல் கட்டணமும் கேட்க முடியாது. மினிகேப் எனப்படும் வாடகைக் கார் ஓட்டும், கடை நடத்தும் தமிழர்கள் இங்கே ஏராளம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். ஒவ்வாமை இருக்கும் ஓட்டுநர் முன்கூட்டியே மருத்துவச் சான்று கொடுத்து, உரிமம் வழங்கும் அதிகாரியிடம் விலக்கு வாங்கியிருந்தால் மட்டுமே மறுக்கலாம். இல்லாவிட்டால் அபராதம் 1,000 பவுண்டு வரை.

கிராமப்புறத்தில் விதிகள் இன்னும் கடுமை. ஆட்டைத் துரத்தும் நாயை, வேறு வழியில்லாத நிலையில் விவசாயி சுட்டுக்கொன்றாலும் சட்டம் அவரைக் காக்கும். 48 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குச் சொன்னால் போதும். நாய் ஆட்டைக் கடிக்கவே தேவையில்லை. சினை ஆடு பயந்து ஓடினாலே கரு கலைந்துவிடும். நடைபயணிகளுக்குத் திறந்துவிட்ட மேய்ச்சல் நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை வார் 2 மீட்டருக்கு மேல் நீளக்கூடாது. மாடுகள் துரத்தினால் மட்டும் இதற்கு நேர்மாறாக வாரை விட்டுவிட வேண்டும். மாடு குறிவைப்பது நாயை. அது ஓடித் தப்பிவிடும், பிடித்துக்கொண்டிருக்கும் ஆள்தான் மிதிபடுவார்.

வீட்டுக்குள் கவனிக்க வேண்டியதில் தமிழ்ச் சமையலறைக்குத் தனிப் பங்கு உண்டு. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். விளைவு சில நாள் கழித்துத்தான் தெரியும், அதனால் மீந்த குழம்புதான் காரணம் என்று யாருக்கும் தோன்றாது. பாயசத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் போடும் உலர்திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கலாம். சில நாய்களுக்கு மிகக் கொஞ்சமே போதும் என்பதால், தின்றுவிட்டால் அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவரை அழைக்க வேண்டும். பட்டாசு இரவுகளும் அப்படியே. வீட்டுப் பட்டாசுக்கு வழக்கமாக இரவு 11 மணி வரைதான் அனுமதி. பிரிட்டனின் பட்டாசு நாளான நவம்பர் 5 அன்று நள்ளிரவு வரை, தீபாவளி இரவில் 1 மணி வரை. இருட்டும் முன்பே நடத்திக் கூட்டிவந்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு, மேசைக்கடியில் பழைய போர்வையால் ஒரு மறைவிடம் செய்துகொடுத்தால் பெரும்பாலான நாய்கள் சமாளித்துவிடும்.

குட்டி வாங்கும்போது

2020 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் 6 மாதத்துக்குட்பட்ட குட்டியை இடைத்தரகரோ கடையோ விற்க முடியாது. இனப்பெருக்கம் செய்தவரிடமிருந்தோ காப்பகத்திலிருந்தோதான் வாங்க வேண்டும். வேல்ஸில் குட்டிப் பண்ணை ஒன்றிலிருந்து 2013இல் மீட்கப்பட்ட லூசி என்ற ஸ்பேனியலின் பெயரால் இதை லூசி சட்டம் என்கிறார்கள். 12 மாதத்தில் மூன்று ஈத்தோ அதற்கு மேலோ எடுத்துக் குட்டிகளை விற்பவருக்கும், அதற்குக் குறைவாக இருந்தாலும் வியாபாரமாகச் செய்பவருக்கும் கவுன்சில் உரிமம் வேண்டும். அப்படி உரிமம் உள்ளவரின் விளம்பரத்தில் உரிம எண் இருக்க வேண்டும்.

முதல் வேலை, குட்டி பிறந்து வளரும் வீட்டிலேயே தாயோடு சேர்த்துப் பார்ப்பது. இங்கேதான் ஏமாற்றுவார்கள். யாரோ ஒருவரின் நாயைத் தாய் என்று காட்டுவார்கள். குட்டிகளைச் சில வாரம் முன்புவரை பாலூட்டிய நாய்க்கு மடி தளர்ந்து, காம்பு நீண்டு தெரியும். குட்டிகள் ஓடிவந்து அதன் வயிற்றில் முட்டும். அதுவும் விலகிப் போனாலும் பதறாது. குட்டிகளைப் பார்த்துத் தாய் உறுமினாலோ, தாய் இப்போதுதான் நடைக்குப் போயிருக்கிறது என்று சொன்னாலோ திரும்பி வந்துவிடுங்கள். நெடுஞ்சாலை ஓய்விடத்தில் சந்திக்கலாம் என்பவரிடம் போகவே வேண்டாம். 8 வாரத்துக்கு முன் குட்டியைக் கொடுப்பது சட்டவிரோதம், அதற்குள் சிப் வைத்திருக்க வேண்டியதும் விற்பவரே. பாவப்பட்டு நோஞ்சான் குட்டியை வாங்கிக் காப்பாற்ற நினைப்பவர்கள் பலர். அந்தப் பணம்தான் அடுத்த ஈத்துக்கு முதலாகிறது. கவுன்சிலுக்குத் தகவல் சொல்வதே அந்தக் குட்டிக்கும் தாய்க்கும் செய்யக்கூடிய உதவி.

லாப்ரடார் போன்ற இனங்களில் பெற்றோரின் இடுப்பு எலும்பு மதிப்பெண்ணைக் கேளுங்கள். ஒரு வயதுக்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரேயை நிபுணர்கள் பார்த்து ஒரு பக்கத்துக்கு 0 முதல் 53 வரை மதிப்பிடுவார்கள். இரண்டும் சேர்ந்து அதிகபட்சம் 106. எண் குறையக் குறைய நல்லது. காகிதத்தில் காட்டாமல், மருத்துவர் பார்த்துவிட்டார் என்று வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை.

முகத்தின் விலை

முதல் நாய்க் கண்காட்சி 1859இல் நியூகாசிலில் நடந்தது. நாய் இனங்களின் வம்சத்தைப் பதிவுசெய்யும் அமைப்பான கென்னல் கிளப், உலகிலேயே முதலாவதாக 1873இல் லண்டனில் தோன்றியது. நாய் பிஸ்கட் நிறுவனத்தில் வேலை பார்த்த சார்லஸ் கிரஃப்ட் 1891இல் தொடங்கிய கண்காட்சி, கிரஃப்ட்ஸ் என்ற பெயரில் இன்றும் பர்மிங்ஹாமில் ஆண்டுதோறும் நடக்கிறது. வேலைக்காக வளர்த்த நாய்களை இவை தோற்றத்துக்காக வளர்க்க வைத்தன. ஒவ்வொரு இனத்துக்கும் எழுதிவைத்த அளவுகோல், வெளியாள் நுழைய முடியாத வம்சப் பதிவேடு என்று வந்தபின், சில தலைமுறைகளில் குறுகிய குடும்பத்துக்குள்ளேயே இனம் சுழன்றது.

புல்டாக் இதற்குக் கண்முன் உள்ள சாட்சி. காளைச்சண்டைக்கு வளர்த்த காலத்தில் அதற்கு ஓடவும் மூச்சுவிடவும் போதுமான மூக்கு இருந்தது. 1835இல் சண்டை தடையானபின் கண்காட்சிக்கு வந்தது. முகம் தட்டையாகிக்கொண்டே போனது. பெரிய தலையும் குறுகிய இடுப்பும் சேர்ந்ததால் இன்று புல்டாக், பிரெஞ்ச் புல்டாக் ஈத்துகளில் 80 விழுக்காட்டுக்கும் மேல் அறுவைசிகிச்சைப் பிரசவம். தட்டை முக நாய்க்கு மண்டையோடு குட்டையானாலும் உள்ளிருக்கும் மெல்லண்ணமும் நாக்கும் அதே அளவில் குறைவதில்லை. அவை மூச்சுப்பாதையை அடைக்கின்றன. பலர் அழகென்று நினைக்கும் குறட்டைச் சத்தம் அந்த அடைப்பின் சத்தம். 2008இல் பிபிசி ஒளிபரப்பிய ஆவணப்படம் இதையெல்லாம் வெளியே கொண்டுவந்தது. அதன்பின் பிபிசி கிரஃப்ட்ஸ் ஒளிபரப்பை நிறுத்தியது. உடன்பிறந்தவை, பெற்றோர்–குட்டி இணைப்பில் பிறந்தவற்றைப் பதிவதை 2009இல் கென்னல் கிளப் நிறுத்தியது. ஆனாலும் 2018இல் பதிவுகளில் பிரெஞ்ச் புல்டாக் லாப்ரடாரை முந்தியது. இன்ஸ்டாகிராம் முகத்துக்குக் கொடுத்த விலையை நாய் தன் மூச்சால் கட்டுகிறது.

அப்படியும் அந்த இனம்தான் வேண்டும் என்பவர்கள், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2019இல் வந்த மூச்சுச் சோதனையின் முடிவைப் பெற்றோர் நாய்கள் இரண்டுக்கும் கேட்க வேண்டும். மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பால் முதலில் கேட்டு, 3 நிமிடம் வேகநடையில் ஓடவிட்டு, மறுபடி கேட்டு 0 முதல் 3 வரை தரம் தருவார். 3 என்றால் அந்த நாய் இனப்பெருக்கத்துக்கே கூடாது.

மருத்துவச் செலவு

மனிதருக்கு அரசு மருத்துவம் இலவசம். நாய்க்கு அப்படி எதுவும் இல்லை. கட்டணத்தின் மேல் 20 விழுக்காடு விற்பனை வரியும் உண்டு. முழங்கால் தசைநார் அறுந்தால் அறுவைசிகிச்சைக்குப் பல ஆயிரம் பவுண்டு ஆகும். 2013இல் கால்நடை மருத்துவமனைகளில் சுமார் 10 விழுக்காடுதான் பெரிய குழுமங்களின் கையில் இருந்தது. பத்து ஆண்டில் அது கிட்டத்தட்ட 60 விழுக்காடு ஆனது. சந்தையில் போட்டி நியாயமாக இருக்கிறதா என்று கண்காணிக்கும் போட்டி ஆணையம் 2024இல் முறையான விசாரணையைத் தொடங்க இந்த மாற்றமே காரணம். நீண்டகால மருந்துக்குச் சீட்டு எழுதி வாங்கி, இணைய மருந்தகத்தில் வாங்கினால் பல நேரம் குறையும். சீட்டுக்குக் கட்டணம் கேட்பார்கள், ஆனால் கொடுக்க மறுக்க முடியாது.

காப்பீட்டில் விலை மலிவைப் பார்த்து ஏமாறுபவர்களே அதிகம். ஒரு நோய்க்கு 12 மாதம் வரை மட்டும் தரும் திட்டம் உண்டு; சர்க்கரை நோய், தோல் ஒவ்வாமை போன்றவை வந்தால் இரண்டாம் ஆண்டில் கைவிட்டுவிடும். ஆண்டுதோறும் தொகை புதுப்பிக்கப்படும் ‘ஆயுள் முழுதும்’ வகைதான் நாள்பட்ட நோய்க்கு உதவும், அதையும் இடைவெளி விடாமல் தொடர வேண்டும். நிறுவனம் மாறினால் ஏற்கனவே உள்ள நோய் விலக்காகிவிடும். நாய்க்கு 8 வயதை ஒட்டி, ஒவ்வொரு கோரிக்கையிலும் ஒரு விழுக்காட்டை உரிமையாளரே கட்ட வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். தடுப்பூசி தவணை தவறியிருந்தால் அதையே காட்டி மறுப்பதும் உண்டு. அரசு உதவித்தொகையில் வாழ்பவர்களுக்கு, 1917இல் மரியா டிக்கின் கிழக்கு லண்டனில் தொடங்கிய பிடிஎஸ்ஏ என்ற தொண்டு நிறுவனத்தின் மருத்துவமனைகள் குறைந்த செலவில் பார்க்கின்றன.

கடியும் சட்டமும்

1991ஆம் ஆண்டின் ஆபத்தான நாய்கள் சட்டம் பிட்புல் உட்பட நான்கு வகையைத் தடைசெய்தது. 2024 பிப்ரவரி 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எக்ஸ்எல் புல்லி என்ற பெரிய உருவ நாய் வகையும் அதில் சேர்ந்தது. விலக்குச் சான்று வாங்கியவர்கள் மட்டும் வைத்திருக்கலாம்: கருத்தடை, சிப், மூன்றாம் நபர் காப்பீடு, வெளியே வந்தால் வாரும் வாய்ப்பூட்டும் கட்டாயம். வகையைத் தீர்மானிப்பது மரபணு அல்ல, உருவம். ஆண் நாய்க்குத் தோள் உயரம் 51 செ.மீ., பெண்ணுக்கு 48 செ.மீ. என்பதிலிருந்து அளவுகள் தொடங்கும். அதனால் கலப்பினக் குடும்ப நாயும் அளவில் பொருந்தினால் சிக்கிவிடும். விலங்கு நல அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் இதை எதிர்க்கின்றன. எங்கள் பார்வையிலும் இனப் பட்டியல் போதாது. கடிக்கு முன் அக்கம்பக்கத்தார் கொடுத்த புகார்களைக் கவனிக்க கவுன்சில்களில் போதுமான வார்டன்கள் இருந்தால் பல சாவுகளைத் தடுத்திருக்கலாம். எந்த இனமானாலும் நாய் கட்டுப்பாடின்றி ஆளைக் கொன்றால் உரிமையாளருக்கு 14 ஆண்டு வரை சிறை. 2014 முதல் இது சொந்த வீட்டுக்குள் நடந்தாலும் பொருந்தும்.

இந்தியா, இலங்கையிலிருந்து நாயோடு வருவோருக்கு

வளர்ப்பு விலங்குகளைக் கொண்டுவருவதற்காகப் பிரிட்டன் வைத்திருக்கும் நாடுகளின் பட்டியலில் இந்த இரு நாடுகளும் இல்லை. ஆகவே வரிசை முக்கியம். முதலில் சிப், அதன்பின் 12 வார வயதுக்கு மேல் ரேபிஸ் ஊசி. ஊசியை முதலில் போட்டுவிட்டுச் சிப் வைத்தால் அந்த ஊசி செல்லாது, மறுபடி போட வேண்டும். ஊசிக்கு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்பொருள் மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருப்பு. பிறகு அரசு கால்நடை மருத்துவரின் சுகாதாரச் சான்று, தரையிறங்குவதற்கு 24 முதல் 120 மணி நேரத்துக்குள் நாடாப்புழு மருந்து. மருந்து கொடுத்த நேரத்தைச் சான்றில் எழுதாமல் விடுவது அடிக்கடி நடக்கும் பிழை. உரிமையாளரும் நாயும் 5 நாள் இடைவெளிக்குள் பயணிக்காவிட்டால் அதை வணிக இறக்குமதியாகக் கருதுவார்கள்.

விமானத்தில் நாய் சரக்காகத்தான் வர முடியும், அதுவும் அங்கீகரித்த வழித்தடத்தில். குடிபெயர்ந்து வருபவர்கள் வசிப்பிட மாற்றச் சலுகைக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்காவிட்டால் நாயின் மேல் வரி விழும். தாள்களில் குறை இருந்தால் 4 மாதம் வரை தனிமைக் கூடத்தில் வைப்பார்கள், செலவு உரிமையாளருடையது. பக் போன்ற தட்டை முக நாய்களைச் சரக்குப் பகுதியில் ஏற்றப் பல விமான நிறுவனங்கள் மறுக்கின்றன. வெப்பத்திலும் பதற்றத்திலும் அவற்றுக்கு மூச்சுத் திணறிவிடும். அப்படிப்பட்ட நாய் என்றால் முதல் ஊசிக்கு முன்பே விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.